பேரவையின் ஒரே பொன்னாடை

பேராக் இந்திய வணிகர் சிந்தனைப் பேரவையில் உறுப்பினராவதற்கு வியாபாரம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிந்தித்தால் போதும். சட்டதிட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தலைவர் டத்தோ தேனப்பன் அதைத் தம் கைப்பட எழுதினார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் உறுப்பினர்கள் கூடுவார்கள். செயலாளர் அருண்பிரகாஷ் அந்த வாரத்து வணிகச் செய்தி ஒன்றை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, அந்தச் செய்தியையும் ஏதாவது ஓர் இந்தியப் படத்தையும் சேர்த்து வைத்துத் தம் சொந்தச் சிந்தனையைச் சொல்வார்கள். இதில் சினிமா எதற்கு என்று ஆரம்பத்தில் ஒருவர் கேட்டார். "வியாபாரம்னா என்ன? அடி, உதை, கடைசியில கைதட்டல். எல்லாம் படத்துல இருக்கு" என்று டத்தோ விளக்கினார். கேட்டவர் இப்போது உறுப்பினராக இல்லை.

மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு ஏறிய மாதம், கதாநாயகன் கடைசியில் ஜெயிப்பான் என்று சிந்தித்தார்கள். ரிங்கிட் இறங்கிய மாதம், கதாநாயகன் இடைவேளைக்கு முன்னால் அடி வாங்குவான் என்று சிந்தித்தார்கள். ஜொகூரில் தரவு மையங்கள் பெருகுகின்றன என்று செய்தி வந்த மாதம், தரவு மையம் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாததால், பொதுவாக இரட்டை வேடப் படங்களைப் பற்றிச் சிந்தித்தார்கள். இந்தச் சிந்தனைகளால் ஈப்போ நகரில் எவருடைய வியாபாரமும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. சிந்தனையின் ஆழத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அவர்கள் பாட்டுக்குச் சிந்தித்துக்கொண்டு போகட்டும், நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் போன வருஷம் பேரவை ஒரு கட்டடத்தை வாங்கிவிட்டது. படம் ஓட்டுவதை நிறுத்திப் பல காலம் பூட்டிக் கிடந்த ஒரு தியேட்டர். அதற்குச் சிந்தனை மாளிகை என்று பெயர் வைத்தார்கள். கட்டடத்தோடு அதன் முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையும் வந்தது. அஞ்சடியோடு ஒரு தூண் வந்தது, தூணோடு நவமணி வந்தாள்.

நவமணி அந்தத் தூணோரம் கச்சாங் பூத்தே விற்கிறாள். வறுத்த கடலை, காரப் பட்டாணி, ஓமப்பொடி, முறுக்கு என்று கண்ணாடி டப்பாக்களில் வைத்து அள்ளிக் கொடுப்பாள். புந்தோங்கில் வீடு. கணவன் பெயர் பத்துமலை. முன்பு லாரி ஓட்டியவன். முதுகு போன பிறகு வீட்டில் அடுப்படியில் நின்று வறுக்கிறான். அவன் வறுப்பதை அவள் விற்றால்தான் குடும்பம் ஓடும். தியேட்டர் மூடியபோதும் அவள் நகரவில்லை. பக்கத்தில் கிளினிக், எதிரே பஸ் நிற்குமிடம், பின்னால் பேங்க். ஜனங்களுக்குத் தூணைப் பார்த்தால் அவள் ஞாபகம் வரும். வேறு தெருவில் போய் நின்றால் அவள் யாரோ ஒருத்தி.

ஒரு நாள் பேரவை அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி பிரமிளா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். "அக்கா, இனிமே இந்த எடம் பேரவைக்குச் சொந்தம்லா. ஒரு கடைக்குத்தான் எடமாம். ரெண்டு பேரு கேக்குறீங்க."

"நான் எங்கம்மா கேட்டேன்? நான் இங்கதான் நிக்கிறேன்."

"அதான், நீங்க ஒரு ஆளு. இன்னொருத்தரு யுகேந்திரன். பாப்கார்ன் போடப் போறாரு."

"போடட்டும்லா. நான் எத்தன வருசமா நிக்கிறேன்னு டத்தோகிட்ட சொல்லு."

"நிக்கிறது பெரிசில்லக்கா. சிந்திக்கணும்." பிரமிளா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வணிகச் செய்தி, ஒரு இந்தியப் படம். ரெண்டையும் பத்தி மேடையில நின்னு பேசணும். சொந்தமா இருக்கணும்."

"சொந்தமா என்னா நெனச்சாலும் சொல்லலாமா?"

"சொல்லலாம்க்கா. டத்தோ நெனக்கிற மாதிரி இருந்தா நல்லது."

சாயங்காலம் நவமணி இதைப் பத்துமலையிடம் சொன்னாள். அவன் கரண்டியை நிறுத்தாமல் கேட்டான். "எண்ண காஞ்சிருச்சா இல்லையான்னு பாக்கவே நமக்கு நேரம் சரியா இருக்கு. சிந்தனைக்கு எங்க போறது, மணி?" பிறகு அடுப்பைத் தணித்தான். "எடம் போயிருச்சுன்னா நான் மறுபடியும் லாரி ஏற முடியாது." இது இருவருக்குமே தெரிந்ததுதான். இருந்தாலும் அவன் வாயால் கேட்டதும் நவமணி, போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்தாள்.

பேசுவதற்கு முன்னால் பயிற்சி. ஒரு ஹோட்டலின் மூன்றாவது மாடியில், சிந்திக்கப் பழகுவோம் என்ற தலைப்பில் நடந்தது. அருண்பிரகாஷ் நடத்தினார். வெளிநாட்டில் மேலாண்மை படித்துவிட்டு வந்தவர். சொந்தமாகத் தொழில் நடத்தி அதன் தூய்மையைக் கெடுத்துக்கொள்ளாமல், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார்.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க. உங்க வியாபாரத்துல ஹீரோ யாரு? யோசிங்க."

நவமணி கண்ணை மூடினாள். பத்துமலை கேஸ் அடுப்பை அடைத்திருப்பானா என்று யோசித்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க வில்லன் யாரு?"

"மழ, தம்பி. மழ வந்தா ஒரு ஆளு நிக்கமாட்டான்."

"மழை வில்லன் இல்லக்கா. அது லொக்கேஷன்." அவர் பலகையில் எழுதிக் காட்டினார். "வேற?"

"கடல வெல ஏறிருச்சு. எண்ண வெல ஏறிருச்சு. அதப் பத்திப் பேசலாமா? அது யாவாரச் செய்திதானே?"

அருண்பிரகாஷ் அன்போடு சிரித்தார். "அது உங்க பிரச்சினைக்கா. பேப்பர்ல வந்தாத்தான் செய்தி."

"பேப்பர்ல எப்ப வரும்?"

"பெரிய ஆளுங்களுக்குப் பிரச்சினையாகுறப்ப வரும்."

இவ்வளவு தெளிவாக யாரும் அவளுக்கு இதுவரை விளக்கியதில்லை. மதியம் சாப்பிட மீகூனும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

பயிற்சிக்குப் பிறகு படம். பேச வேண்டிய எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. புழுதிக்கோட்டை என்ற புதுப்படம். இந்தியாவில் ஆயிரம் கோடி வசூலைத் தாண்டியது என்று பேப்பரில் வந்திருந்தபடியால், அதைப் பார்ப்பதே வணிகச் செய்தியைப் பார்ப்பது போலத்தான் என்று டத்தோ சொன்னார். தியேட்டரைத் துடைத்து, ஒரு நாள் மட்டும் புதிய இயந்திரம் வாடகைக்கு எடுத்தார்கள். காலை பத்து மணிக்குக் காட்சி. படத்தின் விநியோகஸ்தர் ஒரு கணினிச் சாவி கொடுத்திருந்தார். இரண்டு மணிக்கு அந்தச் சாவி தானாகச் செத்துவிடும். அதற்குமேல் படம் ஓடாது. படம் மூன்று மணி நேரம். நடுவில் ஒரு மணி நேரம் மிச்சம். தாராளம் என்றார்கள்.

பத்து மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏர்கோண்டில் திரி நிற்கவில்லை. ஏர்கோண்டை அடைத்து விளக்கை ஏற்றினார்கள், மறுபடி திறந்ததும் அணைந்தது. அணைந்த விளக்கும் ஏற்றிய விளக்குதான் என்று முடிவு செய்தார்கள். பிறகு நாட்டுப்பண், மாநிலப்பண், தமிழ் வாழ்த்து, பேரவைப்பண். பேரவைப்பண்ணை டத்தோ இயற்றியிருந்தார். அதில் நடுவில் வசனமும் உண்டு.

அடுத்தது பொன்னாடை. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பேரவையிடம் ஒரே ஒரு பொன்னாடை இருந்தது. கண்டதில் நூறு வாங்குவதைவிட நல்லதாக ஒன்று போதும் என்று டத்தோவின் மனைவி டத்தின் கண்ணம்மை காரைக்குடியிலிருந்து வாங்கி வந்தது. அசல் ஜரிகை. அதை ஒருவருக்குப் போர்த்துவார்கள், அவர் கும்பிடுவார், போட்டோ எடுப்பார்கள், அவர் திரும்பி ஓரப்படியில் இறங்குவார். படியடியில் பொன்னாடைப் பொறுப்பாளர் தர்மேந்திரன் நிற்பார். முன்பு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அவர் பின்னாலிருந்து சால்வையின் நுனியை மெல்ல இழுப்பார். இறங்குபவர் தோளைச் சற்றுத் தளர்த்திக் கொடுப்பார். சால்வை திரைக்குப் பின்னால் ஓடி, மடிப்புக் கலையாமல் மறுபடி தாம்பாளத்தில் ஏறி, அடுத்தவருக்கு வரும். எல்லாருக்கும் இது தெரியும். யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. பேரவையில் சிந்திக்கப்படாத ஒரே விஷயம் இதுதான்.

அன்று பொன்னாடை போர்த்தப்பட்ட ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். இரண்டே வார்த்தை என்று சொல்லித்தான் எல்லாருமே ஆரம்பித்தார்கள். நடுவில் டத்தோவும் எழுந்தார்.

"செம்பனை எண்ணெய் விலை ஆடுது, ஏறுது, இறங்குதுன்னு இன்னைக்குப் பேப்பர்ல போட்டிருக்கான். நான் பதறல. ஏன்? கோப்பெங் பக்கத்துல இருந்த என் தோட்டத்த அப்பவே வீடமைப்புக்குக் குடுத்துட்டேன். லயத்துல இருந்த ஜனங்க கெளம்புறப்ப அழுதாங்க. நானும் அழுதேன். நல்ல படம்னா நாலு பேரு அழத்தான் செய்வாங்க. அதுதான் வெற்றிப் படம்!"

அரங்கம் கைதட்டியது. நவமணி அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அழுதவர்களில் அவளும் ஒருத்தி. டத்தோ அழுததை மட்டும் அன்று அவள் பார்க்கவில்லை. அவர் காருக்குள் அழுதிருப்பார் போலும்.

மணி ஒன்றைத் தாண்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பிரமிளாவிடம் அவள் மெதுவாகச் சொன்னாள். "தீம்பாருத் தோட்டத்துல காலையில பெரட்டுக்கு நின்னாகூட பேரக் கூப்பிட்டுட்டு வேலைக்கு அனுப்பிருவாங்கலா. இது என்னா முடியவே மாட்டேங்குது? தல பெனிங்கா இருக்கு."

பசி வேறு. கையோடு கொண்டுவந்திருந்த மசாலாக் கடலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள். மணம் பரவியது. முன் வரிசைக்காரர் திரும்பினார். அவருக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு அவர் பக்கத்தவருக்கு. பை நிறைய இருந்த பொட்டலங்கள் வரிசை வரிசையாக முன்னே போய், மேடையிலும் ஏறின. கொஞ்ச நேரத்தில் சிந்தனை மாளிகை முழுவதும் கொறிக்கும் சத்தம். அன்று நடந்தவற்றில் எல்லாரும் சேர்ந்து மனதாரச் செய்த காரியம் அது ஒன்றுதான். டத்தோவும் ஒரு பொட்டலத்தைத் தீர்த்துவிட்டு, அதே கையோடு எழுந்து கடைசி ஆளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அசல் ஜரிகையில் ஐந்து விரல்களும் மஞ்சளாகப் பதிந்தன.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் விளக்கை அணைத்தார்கள். தணிக்கைச் சான்றிதழ் வந்தது. புகை பிடிக்காதீர்கள் என்று வந்தது. தயாரிப்பாளர்கள் வரிசையாக வந்தார்கள். பிறகு ஒரு பொட்டல் காடு. தூரத்தில் ஒரு ஜீப். அது நெருங்கி வந்து நின்றது. கதவு திறந்தது. தோல் செருப்பு போட்ட ஒரு கால் இறங்கிப் புழுதியில் ஊன்றியது. பின்னணியில் இடி இடித்தது.

சாவி செத்தது.

திரை இருண்டது.  பிறகு டத்தோ எழுந்து, "என்னா படம்!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் மாளிகையின் திறப்பு விழா. டத்தோவைவிடப் பெரிய பட்டம் பெற்ற டான்ஸ்ரீ கனகராஜ் திறந்து வைக்க வந்திருந்தார். அவர் பீடோரில் இன்னொரு விழாவுக்குப் போக வேண்டும் என்று அவருடைய ஆள் வாசலிலேயே சொல்லிவிட்டான். அன்றுதான் சிந்தனைப் போட்டியும், தூணோரத்துக்கு முடிவும்.

போட்டிக்கு முன் மூத்த உறுப்பினர்கள் வழிகாட்டினார்கள். ஒருவர் அந்தக் காலில் நாட்டின் பொருளாதாரத்தைக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர், கால் முதலில் வந்ததும் முகம் பின்னால் வரவிருந்ததும் நீண்டகால முதலீட்டின் தத்துவம் என்றார். அடுத்த இரண்டு பேர் ஒரு சொல் மாறாமல் ஒரே பேச்சைப் பேசினார்கள். இருவரும் கைப்பேசியிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். இதைத்தான் ஒருமித்த சிந்தனை என்கிறோம் என்று டத்தோ பாராட்டினார்.

யுகேந்திரன் கறுப்புக் கோட்டில் மேடையேறினான். "நான் பாப்கார்ன் விக்கப் போறதில்ல. அனுபவம் விக்கப் போறேன். அந்தக் கால் தரையில பட்டப்ப தூசி பறந்துச்சே, அதான் என் பிராண்ட்." திரையில் அவனுடைய சின்னம் சுழன்றது. சோளப்பொரி மெஷின் எங்கே என்று டான்ஸ்ரீ கேட்டார். அது அடுத்த கட்டம் என்று யுகேந்திரன் பதில் சொன்னான். டான்ஸ்ரீ தலையசைத்தார். அவர் அடுத்த கட்டங்களிலேயே வாழ்ந்து பழகியவர்.

நவமணி மேடையேறினாள். பிரமிளா எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருந்தாள். மைக்கைப் பார்த்ததும் முதல் வரியோடு அத்தனையும் போய்விட்டது.

"படத்த நான் பாக்கல. யாருமே பாக்கலதானே? ஒரு காலத்தான் பாத்தோம். அது புழுதியில நின்னுச்சு. நானும் அஞ்சடியில அப்படித்தான் நிக்கிறேன். என் வீட்டுக்காரரு முதுகு வலியோட அடுப்படியில நிக்கிறாரு. அவ்வளவுதான் என் சிந்தன."

"வணிகச் செய்தி?" என்று அருண்பிரகாஷ் எடுத்துக் கொடுத்தார்.

"என் எடத்த வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்களாம்."

அருண்பிரகாஷ் தம் கையிலிருந்த பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். "அது எதுலயும் வரலையேக்கா" என்றார். கேலி இல்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

முடிவைச் சொல்ல டத்தோ வந்தார். "யுகேந்திரன் சிந்தனையில எதிர்காலம் இருக்கு. எடம் அவருக்கு. நவமணி அம்மா சிந்தனையில நிகழ்காலம் மட்டுந்தான் இருக்கு. ஆனா பேரவை யாரையும் வெறுங்கையா அனுப்பாது. அவங்களுக்கு ஆறுதல் பொன்னாடை!"

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே சோளப்பொரியும் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

நவமணிக்குப் பத்துமலையிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. யாரோ அவளை முன்னால் தள்ளினார்கள். டத்தோ போர்த்தினார். அவள் கும்பிட்டாள். போட்டோ எடுத்தார்கள். திரும்பி ஓரப்படியில் இறங்கும்போது தோளைப் பார்த்தாள். ஜரிகையில் ஐந்து மஞ்சள் விரல்கள். அது அவளுடைய மசாலா. அவள் சும்மா கொடுத்த கடலையைத் தின்ற கை. அப்போதுதான் தர்மேந்திரன் பின்னாலிருந்து மெல்ல இழுத்தார்.

சால்வை வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். நவமணி முந்தானையைப் பிடிப்பது போல அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"விடுங்கம்மா" என்றார் தர்மேந்திரன், உதடு அசையாமல்.

"எனக்குப் போத்துனதுதானே, சார்?"

"போத்துனதுதான். அது மரியாதைக்கும்மா."

"மரியாதைய குடுத்துட்டு பின்னால இழுத்தா என்னா அர்த்தம்?" அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும்; ஆத்திரம்தான் வந்தது. "முன்னாடி லயத்துலேர்ந்து எறக்குனீங்க. இப்ப அஞ்சடியிலேர்ந்து எறக்குறீங்க. இதையும் நான் விடணுமா? விடமாட்டேன்லா!"

தர்மேந்திரன் முப்பது வருஷம் வகுப்பறையை அடக்கியவர். அவர் திரும்பி டத்தோவைப் பார்த்தார். மேடையில் டான்ஸ்ரீ எழுந்து, தமக்கு வரவேண்டிய பொன்னாடைக்காகத் தோளை நிமிர்த்திக்கொண்டு நின்றார். தாம்பாளம் காலியாக இருந்தது. டான்ஸ்ரீயின் ஆள் கடிகாரத்தைப் பார்த்தான்.

டத்தோ சிரித்த முகம் மாறாமல் படியோரம் வந்து குனிந்தார். "என்னம்மா இது? டான்ஸ்ரீக்குப் போத்தணும்."

"வேற சால்வ போத்துங்க, டத்தோ."

"வேற இல்லம்மா!"

சட்டையில் குத்தியிருந்த மைக்கை அவர் அடைக்க மறந்திருந்தார். "வேற இல்லம்மா" என்பது அரங்கம் முழுக்கக் கேட்டது, பால்கனி உட்பட. இத்தனை வருஷமாக எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயம் எல்லார் காதிலும் விழுந்தது. நாலு முறை, ஐந்து முறை கௌரவிக்கப்பட்ட மூத்த உறுப்பினர்கள் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசையில் டத்தின் கண்ணம்மை கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

"பொட்டலம் கட்டி பொங்குஸ் பண்ணிக் குடுத்த சாமான நான் பின்னால ஓடிப் போயி புடுங்குனா கஸ்டமரு சும்மா இருப்பானா, டத்தோ? யாவாரத்துல அப்படி உண்டா?"

டத்தோ மைக்கை மூடினார். "உனக்கு என்னதாம்மா வேணும்?"

"நான் நிக்கிற எடம்."

டத்தோ சிந்தித்தார். அவர் சிந்திப்பதைப் பலர் அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்தார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. படம் எதுவும் தேவைப்படவில்லை. நிமிர்ந்து மைக்கைத் திறந்தார்.

"அன்பர்களே, செயற்குழு இப்பத்தான் ஆழமா மறுபரிசீலனை செஞ்சுச்சு. தூணோரத்து எடம் நவமணி அம்மாவுக்கே! யுகேந்திரனுக்கு இணையத்துல எடம்!"

இணையத்தில் இடம் ஒதுக்கும் அதிகாரம் பேரவைக்கு எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மெஷின் வாங்க வேண்டிய ஆபத்து நீங்கிய யுகேந்திரன்தான் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினான்.

"வாயில சொன்னா பத்தாது. சாப்பு அடிச்சுத் தாங்க" என்றாள் நவமணி. பிரமிளா முத்திரையும் தாளுமாக ஓடி வந்தாள். அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததுபோல் அவ்வளவு சீக்கிரம் எழுதினாள். டத்தோ கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்த பிறகு நவமணி சால்வையை அவிழ்த்து, உதறி, மடித்து, தாம்பாளத்தில் வைத்தாள். டான்ஸ்ரீக்கு அதைப் போர்த்தினார்கள். மஞ்சள் விரல்கள் சரியாக அவருடைய தோளில் அமர்ந்தன. வேலைப்பாடு புதுசா இருக்கே என்று அவர் பாராட்டினார்.

ஒரு தவறு நடந்துவிட்டது. அவசரத்தில் டான்ஸ்ரீ மறுபக்கத்துப் படியில் இறங்கிவிட்டார். தர்மேந்திரன் இந்தப் பக்கம் நின்றார். கார் பீடோருக்குப் போனது, சால்வையும் போனது.

டான்ஸ்ரீயிடம் அதை எப்படித் திருப்பிக் கேட்பது என்று செயற்குழு இரண்டு முறை கூடியது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பொருத்தமான படம் கிடைக்கவில்லை. டத்தின் கண்ணம்மை தை மாதம்தான் காரைக்குடி போவார். வேறு கடையில் வேறு சால்வை வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பழைய சால்வையில் கௌரவிக்கப்பட்டவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படியே அடுத்த மாதம் வந்தது. முழுப் படத்தையும் பார்த்துச் சிந்திக்கலாம் என்று புழுதிக்கோட்டைக்கு மறுபடி சாவி வாங்கியிருந்தார்கள். பத்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். பொன்னாடை இல்லாததால் பேச யாரும் எழவில்லை. பேச்சு இல்லாததால் பத்தரைக்கே விளக்கு அணைந்தது. பேரவையின் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு படம் முழுசாக ஓடியது.

ஜீப் வந்தது. கால் இறங்கியது. இடி இடித்தது. இந்த முறை கேமரா மேலே போனது. அது கதாநாயகன் இல்லை. வில்லனுடைய அடியாள்களில் ஒருவன். இறங்கியவன் பீடி பற்றவைத்தான். அதற்குள் எங்கிருந்தோ ஒரு கத்தி வந்து அவனைச் சாய்த்துவிட்டது. அதன்பிறகு படம் அவனை ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு உறுப்பினர்கள் வெளியே வந்தார்கள். சிந்தனைப் பகிர்வு மேலே நடக்கும் என்று அருண்பிரகாஷ் அறிவித்தார். யாரும் மேலே போகவில்லை.  வெயிலில் கண் கூசியது. எல்லாருக்கும் பசி.

தூணோரம் நவமணி நின்றாள். பத்துமலையும் வந்து பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கை ஓயவில்லை. கடைசியாக டத்தோ வந்தார்.

"அந்தக் கால்..." என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"மசாலா போட்டதா, போடாததா, டத்தோ?"

"போட்டது."

அவள் அள்ளிக் கொடுத்தாள். அவர் அங்கேயே நின்று, தெருவைப் பார்த்தபடி, கடைசிக் கடலைவரை தின்றார். பிறகு மஞ்சளாகிப்போன விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.